பெயரில் கப்பல் இருந்தால் போதுமா?

தேவிபட்டினம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு வள்ளம். பையன் காமர்ஸ் குரூப்பில் பிளஸ் டூ முடித்திருக்கிறான், மார்க் சுமார். கடலில் ரோந்துப் படகு ஓட்டும் யூனிஃபார்ம் வேலைதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். துபாயில் இருக்கும் தாய்மாமன் சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் பி.பி.ஏ. ஷிப்பிங் பேசி வைத்துவிட்டார். வருஷத்துக்கு ஒன்றரை லட்சம், ஹாஸ்டல் தனி. அம்மா கேட்டது ஒன்றுதான்: "அதைப் படிச்சா கோஸ்ட் கார்டுல எடுத்துக்குவாங்களா சார்?"

பயப்படாதீர்கள் அம்மா. பதினேழு வயதில் இன்ன வேலைதான் என்று சொல்லத் தெரிந்த பிள்ளைகள் குறைவு. ஆறுதல் அவ்வளவுதான். இனி சொல்லப் போவது உங்கள் அண்ணனுக்குப் பிடிக்காது.

எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பி.பி.ஏ. ஷிப்பிங் என்பது கன்டெய்னர் புக்கிங், சுங்க ஆவணம், சரக்குக் கணக்கு. ஏ.சி. அறையில் கம்ப்யூட்டர் முன்னால் பார்க்கும் வேலைக்கான படிப்பு. அதை விரும்பும் பிள்ளைக்கு நல்ல படிப்புதான். ஆனால் மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட சுக்கான் பிடிக்காமல் பட்டம் வாங்கிவிடலாம். கோஸ்ட் கார்டு என்ற கடலோரக் காவல்படையில் பொதுப்பணி நாவிக், அதாவது மாலுமி வேலைக்குப் பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் கேட்கிறார்கள். பட்டதாரிகளை எடுக்கும் பொதுப்பணி அதிகாரி வேலைக்கும் பிளஸ் டூவில் அதே இரண்டு பாடம் வேண்டும். பின்னால் எந்தப் பட்டம் வாங்கினாலும் அந்த ஓட்டை அடைபடாது. ஹாஸ்டலையும் சேர்த்தால் ஏழெட்டு லட்சம் போகும். அதற்காக நகையை அடகு வைப்பதாகச் சொன்னீர்கள். வைக்காதீர்கள்.

போலீஸ் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வை எல்லாருக்கும் தெரியும். வயது வந்ததும் அதையும் எழுதட்டும், நான் விளக்க வேண்டியதில்லை.

யாரும் இவனிடம் சொல்லாத வழி வேறு. எல்லைப் பாதுகாப்புப் படை என்றால் நமக்குப் பாலைவனமும் முள்வேலியும்தான் ஞாபகம் வரும். அந்தப் படைக்கு நீர்ப் பிரிவு ஒன்று உண்டு. குஜராத்தின் கட்ச் கழிகள், மேற்கு வங்கத்தின் சுந்தரவனம், அசாமில் பிரம்மபுத்திரா என்று தண்ணீரே எல்லையாக இருக்கும் இடங்களில் படகில் காவல் பார்ப்பவர்கள் அவர்கள். அதில் 'கிரூ' என்ற காவலர் பணிக்குப் பத்தாம் வகுப்பு போதும். கூடவே, 265 குதிரைத்திறனுக்குக் குறைந்த படகை இயக்கிய ஒரு வருஷ அனுபவமும், யார் துணையும் இல்லாமல் ஆழத் தண்ணீரில் நீந்தத் தெரிவதும் வேண்டும். வயது 20 முதல் 25. வள்ளத்து என்ஜின் இந்தக் கணக்குக்குள் தாராளமாக அடங்கும். அடிப்படைச் சம்பளம் 21,700. சாரங்கு என்ற படகோட்டிச் சான்றிதழ் எடுத்தால், படகைச் செலுத்தும் மாஸ்டர் பிரிவில் தலைமைக் காவலராகவும், இரண்டாம் வகுப்பு என்ஜின் டிரைவர் சான்றிதழ் எடுத்தால் என்ஜின் பிரிவில் தலைமைக் காவலராகவும் நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். பி.காம். முதல் வகுப்புக்காரனுக்குத் திறக்காத கதவு இது.

இன்னொன்று நம் ஊரிலேயே கண்ணில் படுவது. கடல் அட்டையோ பீடி இலையோ பிடிபட்டது என்று செய்தி வரும்போதெல்லாம் சுங்கத்துறை பெயரும் வருகிறதே, அந்தத் துறைக்கும் கடல் பிரிவு இருக்கிறது. அங்கே சீமேன் வேலைக்குப் பத்தாம் வகுப்போடு, கடலுக்குப் போகும் இயந்திரப் படகில் மூன்று வருஷ அனுபவம் கேட்பார்கள். அதில் இரண்டு வருஷம் சுக்கான் பிடித்துப் படகு வேலை பார்த்ததாக இருக்க வேண்டும். என்ஜின் பக்கம் கை ஓடுகிறவனுக்கு, அதைப் பராமரிக்கும் கிரீசர் வேலை. சம்பளம் 18,000 அடிப்படையில் தொடங்கும்.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த அறிவிப்புகள் வருஷா வருஷம் வருவதில்லை. 2024-ல் நீர்ப் பிரிவுக்கு வந்த மொத்த இடம் 162, அதில் கிரூ 46 மட்டும். எழுத்துத் தேர்வு இந்தி அல்லது ஆங்கிலத்தில். இவன் ஆங்கிலத்தில் கேள்வியைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்காவது தேற வேண்டும். வேலை கிடைத்தால் வருஷக்கணக்கில் குஜராத்திலோ வங்காளத்திலோதான். சம்மதமா என்று பையனிடம் கேட்டேன். அவன் தலையாட்டுவதற்குள் அப்பா 'அவ்வளவு தூரமா' என்றார். போகப் போவது அவன், அவன் பதில்தான் கணக்கு.

சரி, அனுபவம் எப்படிச் சேர்ப்பது? பையன் ஏற்கெனவே சனி, ஞாயிறுகளில் அப்பாவோடு போகிறான். புரொப்பல்லரில் வலை சுற்றிக்கொண்டால் கத்தியோடு இறங்கி அறுத்துவிட்டு ஏறுகிறவன். ஆனால் காகிதத்தில் அவன் அனுபவம் இன்றைக்குப் பூஜ்யம். ஆக, முதல் வேலை மீன்துறை அலுவலகத்தில் மீனவர் அடையாள அட்டை. அடுத்து, படகின் பதிவுச் சான்று நடப்பில் இருக்கிறதா, அதில் என்ஜின் விவரம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். போன தேதி, புறப்பட்ட இடம், இவன் பார்த்த வேலை, ஓட்டிய நேரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வரட்டும். உரிமையாளர் கொடுக்கும் அனுபவக் கடிதத்தில் பதிவு எண், குதிரைத்திறன், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்ற மூன்றும் இருக்க வேண்டும். அப்பாவே எழுதிக் கொடுத்தால் வீட்டுக் கடிதம் என்று தள்ள வாய்ப்புண்டு. பாதிக் காலமாவது பாம்பன், மண்டபம் பக்கம் வேறு உரிமையாளரிடம் வேலை பார்க்கட்டும். வாடைக் காலத்தில் வடகடலும் (பாக் நீரிணைப் பக்கம்), கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும்போது தென்கடலும் (மன்னார் வளைகுடா) எப்படி மாறும் என்பது இரண்டு பக்கமும் ஓட்டினால்தான் பிடிபடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைக் கரையேற்றி என்ஜினைப் பிரிப்பார்கள். அந்த இரண்டு மாதமும் மெக்கானிக்குக் கையாளாக நிற்கட்டும். கூலி கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை.

நீச்சலை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கடற்கரைப் பிள்ளைகள் எல்லாருக்கும் நீந்தத் தெரியும் என்ற நினைப்பு நம்மிடம் உண்டு. வடகடலில் இடுப்பளவுத் தண்ணீரில் விளையாடிப் பழகியதும், ஆழத்தில் காலூன்றாமல் நெடுநேரம் தாக்குப்பிடிப்பதும் ஒன்றல்ல.

ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். கூலி அதிகம் என்று இலங்கைக் கடல் எல்லை தாண்டும் விசைப்படகில் இவனை ஏற்றாதீர்கள். அந்தப் பக்கம் பிடிபட்டால் சிறை, வழக்கு, படகும் போகும். நீங்கள் கேட்பதோ காவல் வேலை, சேரும்முன் பின்னணி விசாரிப்பார்கள். 1974, 1976 ஒப்பந்தங்களில் போட்ட எல்லைக் கோட்டைப் பற்றி நமக்கெல்லாம் மனக்குறை இருக்கலாம். அதை இந்தப் பையனின் பதிவேட்டில் தீர்க்க முடியாது. கடல் அட்டை ஏற்றும் படகும் அப்படித்தான். அது 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தில் புலிக்குச் சமமாகப் பாதுகாக்கப்பட்ட உயிரினம். 'சும்மா கூடப் போனேன்' என்பது ஸ்டேஷனில் எடுபடாது.

வள்ளத்து அனுபவம் மட்டும் போதாது, ஒரு சான்றிதழும் கையில் இருக்கட்டும் என்று நினைத்தால் சென்னையில் சிஃப்நெட் என்ற மத்திய அரசின் மீன்வளப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே வெசல் நேவிகேட்டர் (கப்பல் செலுத்துதல்), மரைன் ஃபிட்டர் (கப்பல் என்ஜின் வேலை) என்று இரண்டு வருஷப் பயிற்சிகள். பத்தாம் வகுப்பில் கணக்கிலும் அறிவியலிலும் 40 சதவீதம் வேண்டும், நுழைவுத்தேர்வு உண்டு, வயது 15 முதல் 20. இவனுக்கு இன்னும் நேரமிருக்கிறது. பயிற்சிக் கப்பலில் கடலுக்கே கூட்டிப் போவார்கள். அப்புறம் தேவையான கடல் சேவையை முடித்தால் மீன்பிடிக் கப்பலில் கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான மேட் தேர்வு எழுதலாம். மாமன் பணம் கொடுக்கத்தான் வேண்டும் என்றால், இதற்கான ஹாஸ்டல், சாப்பாட்டுச் செலவுக்குக் கொடுக்கட்டும்.

பட்டம் வேண்டும் என்று சொந்தக்காரர்கள் விடாவிட்டால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.காம். போடுங்கள். ரெகுலர் கல்லூரியில் சேர்த்துவிட்டு, அதே தேதிகளில் முழுநேரம் படகில் இருந்ததாகக் கடிதம் வாங்கினால், சரிபார்க்கும்போது இரண்டு காகிதமும் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும்.

இளையவன் பத்தாவது என்றீர்கள். அவனுக்கும் கடல்தான் ஆசை என்றால், பதினொன்றில் கணக்கு, இயற்பியல் உள்ள குரூப்பில் சேருங்கள். அந்தப் பாடம் படித்த மீனவப் பிள்ளைகளுக்குக் தமிழ்நாடு காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் நாவிக், கடற்படை மாலுமித் தேர்வுகளுக்கு இலவசமாகவே பயிற்சி கொடுக்கிறது.

பெரியவனுக்கு இந்த வாரமே செய்ய வேண்டியவை மூன்று. கண் டாக்டரிடம் கண்ணாடி இல்லாத பார்வையையும் நிறம் பிரித்தறிவதையும் சோதித்துவிடுங்கள். அதில் குறை இருந்தால் மேலே சொன்ன திட்டத்தையே மாற்ற வேண்டிவரும். மீனவர் அட்டைக்கு விண்ணப்பம். அப்புறம், மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ். நம் மாநிலச் சாதிச் சான்று அங்கே செல்லாது. வயதில் மூன்று வருஷச் சலுகை அந்தக் காகிதத்தை வைத்துத்தான். கடைசி நாளில் இ-சேவை மையத்துக்கு ஓடினால் கிடைக்காது.