ரெண்டு ஸ்கோப்பும் நார்மல், ரத்தம் மட்டும் குறையுது

சிறுகுடல் கட்டிகள் பற்றி வடசென்னைக்காரர்கள் கேட்டதற்குக் குடல் மருத்துவரின் பதில்கள்.

கொருக்குப்பேட்டை: அப்பாவுக்கு 58 வயசு, ஹீமோகுளோபின் 7. எண்டோஸ்கோப்பி, கொலோனோஸ்கோப்பி ரெண்டும் நார்மல். இரும்பு மாத்திரை போதும்கிறாங்க. போதுமா டாக்டர்?

போதாதும்மா. மேல போற ஸ்கோப் முன்சிறுகுடலோட நின்னுடும். கீழ இருந்து போறது சிறுகுடலோட கடைசி சில அங்குலத்தை எட்டிப் பார்க்கும். நடுவுல இருக்கிற பல மீட்டர் குடலை இன்னும் யாரும் பார்க்கலை. அங்கே கட்டி இருந்து ரத்தம் கசிஞ்சாலும் தெரியாது. மாத்திரையில எண் ஏறும், கசிவு நிக்காது. ஆம்பளைங்களுக்கும் மாதவிலக்கு நின்ன பெண்களுக்கும் ரத்தம் குறைஞ்சா, எங்கே போகுதுன்னு கண்டுபிடிச்சே ஆகணும்.

முதல்ல சி.டி. என்டெரோகிராபி. ஒரு லிட்டருக்கு மேல கரைசல் குடிக்க வச்சு, குடல் விரிஞ்சதும் எடுக்கிற ஸ்கேன். சுருக்கம் எதுவும் இல்லைன்னா, மாத்திரை மாதிரி முழுங்குற கேப்சூல் கேமரா. சந்தேகமா ஏதாவது தெரிஞ்சா, பலூன் என்டெரோஸ்கோப்பியில, அதாவது பலூன் உதவியோட சிறுகுடலுக்குள்ள ஆழமா போற ஸ்கோப்புல, பரிசோதனைக்குச் சதை (பயாப்சி) எடுக்கலாம்.

தண்டையார்பேட்டை: நேரா கேப்சூலே முழுங்கிடலாமா?

வேண்டாம். அது 26 மி.மீ. நீளம், 11 மி.மீ. தடிமன். சுருங்கின இடத்துல சிக்கிட்டா, வெளியே எடுக்க ஆபரேஷன் கூட தேவைப்படலாம்.

வியாசர்பாடி: தம்பிக்கு சிறுகுடல் கடைசியில வீக்கம். டிபி மாத்திரை ஆரம்பிச்சுடலாமா?

சதை எடுத்துப் பரிசோதிக்காம ஆரம்பிக்காதீங்க.

ராயபுரம்: நான் மருந்துக்கடை வச்சிருக்கேன் சார். நம்ம பக்கம் டிபி ஜாஸ்தி. மாத்திரையில தேறினவங்க எத்தனையோ பேர். ரிசல்ட் வர்றதுக்குள்ள ஆளு இளைச்சுடறாரே?

சிறுகுடல் கடைசியில டிபி அதிகம்தான், மறுக்கலை. ஆனா லிம்போமா (நிணநீர்ப் புற்று), கார்சினாய்டு (ஹார்மோன் சுரக்கும் செல்கள்ல வர்ற கட்டி), கிரோன்ஸ் (குடல் அழற்சி நோய்) எல்லாம் அங்கேயே வரும். ஸ்கேன்ல பல நேரம் ஒண்ணு போலவே தெரியும்.

ராயபுரம்: பயாப்சியே சிலருக்கு டிபியைக் காட்டலையே சார்?

உண்மை. அப்படிப்பட்டவங்களுக்கு மருந்து கொடுத்துப் பார்க்கிறதும் உண்டு. ஆனா முதல்ல சதை எடுத்து, நோய்க்கூறு பரிசோதனைக்கும், டிபி கிருமியோட மரபணுவைத் தேடுற சி.பி.நாட் பரிசோதனைக்கும் அனுப்பியிருக்கணும். ரெண்டு, மூணு மாசத்துல மறுபடி ஸ்கோப் போட்டு புண் ஆறிச்சான்னு பார்க்கணும். பசி வந்துச்சு, காய்ச்சல் விட்டுச்சுன்னு மட்டும் முடிவு கட்டினா, லிம்போமா உள்ளே வளர்ந்துகிட்டிருக்கும். செலவுக்குப் பயந்து ஸ்கோப்பைத் தள்ளாதீங்க, ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க.

எண்ணூர்: சதை எடுத்தா கட்டி பரவிடுமா?

ஸ்கோப் வழியா எடுக்கிறதால பரவும்னு பயப்பட வேண்டாம்.

திருவொற்றியூர்: அம்மாவுக்கு சிறுகுடல்ல ஜிஸ்ட் கட்டி (குடல் சுவர்ல வர்ற ஒரு வகைப் புற்று) எடுத்தாச்சு. திரும்ப வர்ற அபாயம் அதிகம்னு இமாடினிப் மாத்திரை 400 மி.கி. மூணு வருஷம் சொன்னாங்க. ஒரு வருஷம் ஆச்சு, கட்டி இல்லை. நிறுத்தலாமா?

நிறுத்தாதீங்க. அபாயம் அதிகமுள்ளவங்கள்ல ஒரு வருஷம் எடுத்தவங்களைவிட மூணு வருஷம் எடுத்தவங்க கூடுதலா பிழைச்சிருக்காங்க. காலையில கண்ணைச் சுத்தி வீங்கினா, அது இந்த மருந்தோட வழக்கமான பக்கவிளைவு. சாப்பாட்டோட, நிறைய தண்ணியோட கொடுங்க. மரபணு மாற்றப் பரிசோதனை பண்ணாங்களான்னு கேளுங்க. கட்டியோட மரபணுவுல எக்ஸான் 9-ங்கிற பகுதியில மாற்றம் இருந்தா, மருந்தோட அளவைப் பத்தி டாக்டர்கிட்ட பேசணும்.

பெரம்பூர்: மாமாவுக்கும் ரத்தம் 8, இரும்பு மாத்திரை...

கொருக்குப்பேட்டை பதிலைப் படிங்க. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்றேன்.

காசிமேடு: முட்டிவலிக்கு என்ன பண்ணலாம்?

எலும்பு டாக்டரைப் பாருங்க.

மூலக்கடை: இரும்பு மாத்திரை போடுற பாட்டிக்கு மலம் கருப்பா போகுது.

மாத்திரையாலயும் கருக்கும். ஆனா தார் மாதிரி பிசுபிசுன்னு, நாத்தத்தோட போனா அது ரத்தம். கூடவே தலைசுத்தல் இருந்தா காலை வரைக்கும் காத்திருக்காதீங்க, இன்னைக்கு ராத்திரியே கேஷுவாலிட்டிக்குக் கூட்டிட்டுப் போங்க.