கேள்வி – பதில்: உளுத்த தூணும் பனங்கையும்

கேள்வி: கட்டுத்தரைச் சாளையில் (மாட்டுக் கொட்டகையில்) ஆறங்குல வேப்பந்தூண் ஒன்று தரையோரம் உளுத்துவிட்டது. மேலே சீமை ஓடு. சுற்றிலும் சிமெண்டு பூசி மூடினால் போதும் என்கிறார் கொத்தனார். செய்யலாமுங்களா?
– வாசகர், காங்கேயம்

பதில்: வேண்டாமுங்க. மரம் காய்ந்து சுருங்கும்போது பூச்சுக்கும் அதற்கும் நடுவே மயிரிழைச் சந்து விழும். அதில் இறங்கும் மாட்டு மூத்திரமும் கழுவிய தண்ணீரும் வெளியேற வழியில்லை. மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நின்றாலே பூஞ்சைக்குப் போதும். பூசிய பிறகு உள்ளே நடப்பது கண்ணுக்கும் தெரியாது.

தரையிலிருந்து மேல்நோக்கி ஸ்க்ரூடிரைவரால் குத்திக்கொண்டே போங்கள். முனை இறங்காத இடத்துக்கு மேல் இன்னும் ஓரடி விட்டுக் கோடு போடுங்கள். பூஞ்சை, கண்ணுக்குத் தெரிவதற்கு மேலும் ஏறியிருக்கும்.

அறுக்கும் முன் தூணின் இருபுறமும் இரண்டடி தள்ளி, விட்டத்துக்கு இரும்பு ஜாக்கி முட்டு கொடுங்கள். முட்டுக்கு அடியில் தடித்த பலகை. பாரம் முட்டுக்கு மாறினால் போதும், 3 மில்லிமீட்டருக்கு மேல் தூக்க வேண்டியதில்லை. ஆசைப்பட்டு ஏற்றினால் ஓடு நழுவும், பக்கத்துத் தூணின் மூட்டும் விட்டுப்போகும்.

உளுத்த அடியை அறுத்து எடுத்துவிட்டு, ஒன்றரை அடி ஆழம் தோண்டி, 9 அங்குலச் சதுரத்தில் கான்கிரீட் குட்டைத்தூண் எழுப்புங்கள். கலவை 1:2:4 (சிமெண்டு, மணல், ஜல்லி), உள்ளே 8 மி.மீ. கம்பி நான்கு. உச்சியில், 6 மி.மீ. தகட்டில் செய்த ‘ப’ வடிவப் பிடியைக் கவிழ்க்காமல் வாய் மேலே பார்க்கப் பதியுங்கள். பிடியின் அடித்தட்டு கான்கிரீட்டுக்கு அரை அங்குலம் மேலே நிற்க வேண்டும், தட்டில் தண்ணீர் வடிய ஓட்டையும் வேண்டும். பலர் இந்த ஓட்டையை மறந்துவிடுவதால் இரும்புக் கிண்ணத்துக்குள் மரம் மறுபடி உளுக்கிறது. ஏழு நாள் நனைத்த பிறகே பாரம் இறக்கலாம். பிடிக்குள் உட்காரும் தூணை முடுக்க 12 மி.மீ. போல்ட் இரண்டு, அகல வாஷரோடு. இரண்டையும் ஒரே நேர்கோட்டில் போட்டால் நார்வாக்கில் மரம் பிளக்கும். சற்று விலக்கிப் போடுங்கள்.

அறுத்த முகத்துக்கு, பத்து லிட்டர் வெந்நீரில் 300 கிராம் வெண்காரம் (போராக்ஸ்), 200 கிராம் போரிக் அமிலம் கரைத்து மூன்று முறை தடவுங்கள். மாடு நக்காதபடி, காய்ந்ததும் பெயிண்ட் இரண்டு பூச்சு அவசியம்.

மாசி, பங்குனிதான் இந்த வேலைக்கு ஏற்ற காலம். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக் காற்று அடிக்கையில் முட்டின்மேல் கூரையை நிறுத்துவது ஆபத்து.

கேள்வி: சுவர்மேல் உட்காரும் பனங்கைகளின் (கூரை தாங்கும் பனைமரச் சட்டங்களின்) நுனி மட்டும் உளுத்திருக்கிறது. முழுக் கையையும் மாற்ற வேண்டுமா?
– வாசகி, பெருந்துறை

பதில்: மூன்றடி நீளத்துக்காவது வைரம் (மரத்தின் கெட்டிப் பகுதி) கெட்டுப்போகாமல் இருந்தால் வேண்டாம். புதுக் கையைப் பக்கவாட்டில் சேர்த்து, அந்த மூன்றடியும் ஒட்டி நிற்கும்படி மூன்று போல்ட் முடுக்குங்கள். பனைக்கு வைரம் வெளிப்புறம்தான், நடுவே மெத்தென்ற சோறு. ஆணியை நேராக அடித்தால் நார் பிளக்கும், துளை போட்ட பிறகே இறக்குங்கள். சுவரில் நுனியைச் சுற்றிச் சாந்து அடைக்காமல் அரை அங்குலம் காற்றுவழி விடுங்கள். அதற்கு முன் மேலே உடைந்த ஓட்டைத் தேடி மாற்றுங்கள். ஒழுகல் நிற்காவிட்டால் புதுக் கையும் வீண்.

கேள்வி: செல் (கறையான்) அரிக்காமல் இருக்க வண்டியின் கழிவு ஆயிலைத் தடவலாமா?
– வாசகர், தாராபுரம்

பதில்: கூடாது. மேலோடு நின்றுவிடும், உள்ளே இறங்காது. தீப்பிடிக்கும், மாடும் நக்கும்.