320×240 திரைக்கு வராதது ஏன்?

கேள்வி: லினக்ஸ் மின்ட் கணினியை ஹெச்டிஎம்ஐ வழியே டிவியில் இணைத்திருக்கிறேன். பழைய விளையாட்டுகளுக்கு 320×240 வேண்டும். சிவிடி (திரை அளவுக்கான எண்களைக் கணக்கிடும் கட்டளை) தந்த வரியை எக்ஸ்ரேண்டரில் (திரை அமைப்பை மாற்றும் கட்டளை) சேர்க்கும்போது பிழை வரவில்லை. மாறச் சொன்னால்தான் 'கான்ஃபிகர் சிஆர்டிசி 0 ஃபெயில்ட்' என்கிறது. – வாசகர், குடியாத்தம்

பதில்: நீங்கள் தட்டியது சரிதான். அந்த வரியைப் பாருங்கள்: 6.00 320 336 360 400 240 243 247 252. முதல் எண் பிக்சல் கிளாக், அதாவது பிக்சல்கள் போகும் வேகம், 6 மெகாஹெர்ட்ஸ். 60 லட்சத்தை 400ஆல் (ஓரத்து வெற்றிடமும் சேர்த்து ஒரு திரை வரியின் நீளம்) வகுத்தால் நொடிக்கு 15,000 திரை வரி. அதை 252ஆல் (ஒரு ஃபிரேமின் மொத்த வரிகள்) வகுத்தால் 59.52 ஃபிரேம். கணக்கு பிசகவில்லை. ஆனால் ஹெச்டிஎம்ஐயிலும் டிவிஐயிலும் பிக்சல் கிளாக் 25 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே போகக்கூடாது. எக்ஸ்ரேண்டரில் புது மோடைச் சேர்க்கும் நியூமோடும் ஆட்மோடும் பெரும்பாலும் பட்டியலில் பதிவதோடு சரி. மாறும் நேரத்தில்தான் டிரைவர் சோதிக்கிறது, மறுக்கிறது.

டிவிக்கு 640×480 அனுப்பி, படத்தை மட்டும் 320×240 ஆக வைத்துக்கொள்ளுங்கள்:

எக்ஸ்ரேண்டர் --அவுட்புட் ஹெச்டிஎம்ஐ-1 --மோட் 640×480 --ஸ்கேல்-ஃப்ரம் 320×240 --ஃபில்டர் நியரெஸ்ட்

எல்லாவற்றையும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள், ஹெச்டிஎம்ஐ-1 தவிர. அதை எக்ஸ்ரேண்டர் காட்டும்படியே எழுத வேண்டும். பெருக்கல் குறிக்கு எக்ஸ் எழுத்து. ஒரு பிக்சல் சரியாக நான்காகும். கடைசி ஃபில்டரை விட்டால் எழுத்தெல்லாம் மங்கும். பழையபடி ஆக்க --ஸ்கேல் 1×1.

பட்டியலில் 640×480 இல்லையென்றால் அதற்கும் சிவிடியைக் கேட்காதீர்கள். அது 23.75 தரும், அதுவும் 25க்குக் கீழே! பலரும் சறுக்குவது இங்கேதான். இந்தப் பழைய விஜிஏ வரியையே போடுங்கள்: 25.175 640 656 752 800 480 490 492 525, கூடவே மைனஸ் ஹெச்சிங்க், மைனஸ் விசிங்க்.

கேள்வி: வேலூரில் பழைய பொருள் கடையில் டியூப் மானிட்டர் வாங்கினேன். விஜிஏ கேபிள். அதே 320×240 போட்டால் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்'. – வாசகர், ஆம்பூர்

பதில்: விஜிஏவில் அந்த 25 கட்டுப்பாடு கிடையாது, தடுப்பது மானிட்டர். கணினி மானிட்டர்கள் பெரும்பாலும் 30, 31 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழான வரி வேகத்தை (நொடிக்கு எத்தனை ஆயிரம் திரை வரி) பிடிக்காது, நீங்கள் அனுப்புவதோ 15. ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை வரையச் சொல்லுங்கள்: 12.59 320 328 376 400 240 245 246 262, முடிவில் டபுள்ஸ்கேன். வரி வேகம் 31.5 கிலோஹெர்ட்ஸ் ஆகிவிடும். இன்டெல் டிரைவர் டபுள்ஸ்கேனை ஏற்காது. அந்தக் கணினியில் மேலே சொன்ன ஸ்கேல் முறைதான்.

திரை சிணுங்கினாலோ உருண்டாலோ உடனே மானிட்டரை அணையுங்கள். பழைய டியூப்களில் தவறான வரி வேகம் உள்ளே இருக்கும் டிரான்ஸிஸ்டரையே சுட்டுவிடும்.

கேள்வி: உபுண்டுவில் எக்ஸ்ரேண்டர் 'எக்ஸ்வேலண்ட்0' என்று மட்டும் காட்டுகிறது. – வாசகர், அரக்கோணம்

பதில்: நீங்கள் இருப்பது வேலண்டில் (எக்ஸ்ஓஆர்ஜிக்குப் பதிலாக வந்த புது திரை அமைப்பு), அங்கே எக்ஸ்ரேண்டரால் புது மோடு சேர்க்க முடியாது. 22.04, 24.04 என்றால் லாகின் திரையில் பல்சக்கரத்தைத் தட்டி 'உபுண்டு ஆன் எக்ஸ்ஓஆர்ஜி' எடுங்கள். ரீஸ்டார்ட் செய்தால் மோடு போய்விடும் என்பதால், கட்டளைகளை ஹோம் ஃபோல்டரில் புள்ளியோடு தொடங்கும் எக்ஸ்புரொஃபைல் கோப்பில் எழுதி வையுங்கள்.