ஓப்பரா பாடகி ராக் பாடல்களைப் பாடினால் கேட்க நன்றாக இருக்குமா?

நன்றாகவே இருக்கும், ஓப்பரா குரலைக் கழற்றி வைத்துவிட்டு வர அவருக்கு மனமிருந்தால். எனக்கு இதைப் புரியவைத்தது, அமெரிக்க சொப்ரானோ (பெண் குரல்களில் மிக உயர்ந்த ஸ்தாயி) ரெனே ஃபிளெமிங், ராக் பாடல்களைப் பாடி 2010-ல் வெளியிட்ட ‘டார்க் ஹோப்’ ஆல்பம்.

அவரை நான் முதலில் கேட்டது செக் இசையமைப்பாளர் த்வோர்ஷாக்கின் ‘ருசால்கா’ ஓப்பராவில் வரும் நிலாப் பாட்டில். அந்தக் குரல் மனதில் அப்படியே தங்கியிருந்தது. பல வருடம் கழித்து ஒரு ராத்திரி இந்த ஆல்பத்தை ஹெட்ஃபோனில் போட்டேன். முதல் பாட்டு, மியூஸ் என்ற ராக் குழுவினுடையது. குரல் வந்ததும் போனை எடுத்துப் பாடகர் பெயரைச் சரிபார்த்தேன். கீழ் ஸ்தாயியில், பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல ஒரு குரல். நிலாப் பாட்டு பாடியவரை அதில் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

ஏன் இத்தனை வித்தியாசம்? ஓப்பராவில் பொதுவாக மைக் கிடையாது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓப்பராவில் ஏறக்குறைய 3,800 இருக்கைகள். மேடைக்கு முன்னால் முழு ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்கும்போது, அதைத் தாண்டிக் கடைசி வரிசை வரை குரல் போக வேண்டும். வருடக்கணக்கான சாதகம் அதற்குத்தான். மேலே போகப் போக சொப்ரானோ தாடையை இறக்கி வாயை அகலத் திறந்தாக வேண்டும். அப்போது ‘இ’, ‘உ’ எல்லாமே ‘ஆ’ பக்கம் சாய்ந்துவிடும். எட்டுகிற வரை உச்சத்தில் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு, வாயை நன்றாகத் திறந்து ‘நிலவு’ என்று பாடிப் பாருங்கள், ‘நி’ கரைந்துபோவது தெரியும். ஓப்பராவில் அது பெரிய இழப்பில்லை. மெட்ரோபாலிட்டனில் முன் இருக்கையின் முதுகில் உள்ள சின்னத் திரையிலேயே வரிகள் ஓடும். ராக்கில் சொல் போனால் பாட்டே போய்விடும்.

அதனால் ஃபிளெமிங் சுருதியை வெகுவாக இறக்கி, பேச்சுக்கு நெருக்கமான நெஞ்சுக் குரலுக்கு வந்து, வைப்ராட்டோ என்கிற குரல் அதிர்வைச் சுருக்கிக்கொண்டார். கடைசி வரிசைக்கு அனுப்பிப் பழகிய குரலை மைக்கிடம் மெல்ல ஒப்படைப்பது லேசான வேலையா? ஐம்பது வயதில், உச்சப் புகழில் இருக்கும்போது அதைச் செய்தார் என்பதுதான் எனக்கு மலைப்பு. மாணவியாக இருந்தபோதே ஒரு மதுக்கூடத்தில் ஜாஸ் பாடியவர்; சாக்ஸபோன் கலைஞர் இல்லினாய் ஜாக்கெட் தன் குழுவோடு வரச்சொல்லியும் மேற்படிப்புக்குப் போனவர். அந்தப் பழக்கம் கைகொடுத்திருக்க வேண்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. 1988-ல் வந்த ‘பார்சிலோனா’ ஆல்பத்தில் ஸ்பெயின் ஓப்பரா பாடகி மொன்செராட் கபாயே ஓப்பரா குரலிலேயே நிற்க, குயீன் ராக் குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்குரி அவர் பக்கம் ஏறி வந்தார். அதுவும் எனக்குப் பிரியம்தான். ஆனால் அது இரண்டு உலகங்களின் சந்திப்பு. ஃபிளெமிங் குடியே பெயர்ந்துவிட்டார்.

‘டார்க் ஹோப்’ முழுக்க எனக்குப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். சில பாட்டுகளில் அடுக்கடுக்கான பின்னணி ஒலி குரலை அமுக்குகிறது. பின்னணிக் குரல்களில் அவருடைய இரண்டு மகள்களும் சகோதரியும் பாடியிருக்கிறார்கள். அந்த நெருக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். கேட்பதானால் நிலாப் பாட்டை முதலில் கேளுங்கள், கையோடு இந்த ஆல்பத்தில் உள்ள லியோனார்டு கோஹனின் ‘ஹல்லேலூயா’வைப் போடுங்கள். ஹெட்ஃபோனில்.