வளை யாருடையது?

அன்புள்ள ஐயா,

வட அமெரிக்கப் புல்வெளிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில், வளை தோண்டும் பிரெய்ரி நாயும் அந்த வளையில் வாழும் ஆந்தையும் அருகிவருவதாக எழுதியிருந்தீர்கள். இரண்டில் எதற்கு ஆபத்து அதிகம்? ஒன்றைத்தான் காக்க முடியும் என்றால் எதைக் காப்பது?

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

பெயரில் நாய் இருந்தாலும் அது அணில் குடும்பத்தைச் சேர்ந்த கொறிவிலங்கு. அதன் ஐந்து இனங்களுள் ஒன்றான யூட்டா பிரெய்ரி நாய், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தின் தென்மேற்குப் பகுதியில் மட்டுமே வாழ்கிறது. 1973-இல் அதை அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவித்த அமெரிக்க அரசு, 1984-இல் ஒரு படி தளர்த்தியது. ஆந்தையோ கனடாவிலிருந்து தென்னமெரிக்காவின் தென்கோடி வரை பரவியிருப்பதால் உலக அளவில் அழியும் இனமாகக் கருதப்படவில்லை. ஆனால் கனடாவில் மட்டும் பார்த்தால் அதுவும் அழியும் நிலையில்தான் இருக்கிறது.

கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதையாக இதை நினைத்துவிட வேண்டாம். நம் ஊர்ப் புள்ளி ஆந்தைக்கு நெருங்கிய உறவான இந்தப் பறவை, பெரும்பாலும் காலியான வளையில்தான் குடியேறுகிறது. வாசலில் சாணத்தைப் பரப்பி, அதைத் தேடி வரும் சாணவண்டுகளைத் தின்கிறது. ஃபுளோரிடாவில் வாழும் ஆந்தைகள் தாமே தோண்டிக்கொள்ளும் என்றாலும், மேற்குப் புல்வெளிகளில் உள்ளவை பிற விலங்குகள் தோண்டியதையே நம்பியிருக்கின்றன. பிரெய்ரி நாய்கள் இல்லாமல் போனால், பராமரிப்பற்ற வளைகள் சில ஆண்டுகளில் தூர்ந்துபோகும். அவை கடித்துக் குட்டையாக வைத்திருந்த புல்லும் வளர்ந்து, எதிரி வருவதை ஆந்தை பார்க்க முடியாதபடி மறைக்கும்.

பிரெய்ரி நாயை விவசாயிகளும் மாடு வளர்ப்போரும் நஞ்சு வைத்துக் கொன்றது பழைய கதை. அதைவிடக் கொடியது பிளேக். 1900-ஐ ஒட்டிக் கப்பல் வழியாக சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்த அந்த நோய், தெள்ளுப்பூச்சிகளால் பரவி, நெருக்கமாக வாழும் கூட்டங்களை முழுவதுமாகத் துடைத்துவிடுகிறது. வளைவளையாகப் பூச்சிமருந்து தூவுவதுதான் இன்றும் முக்கியமான தற்காப்பாக இருக்கிறது.

ஆந்தைக்கு மண்ணில் பெட்டியும் குழாயும் புதைத்துச் செயற்கை வளை அமைத்துத் தருகிறார்கள். அது முட்டையிடவும் செய்கிறது. ஆனால் புல்லைக் கடிக்கக் குழாய்க்குத் தெரியாது. ஆகவே நான் பிரெய்ரி நாயைத்தான் தேர்வேன். உருண்டைக் கண்ணும் நெட்டைக் காலும் கொண்ட ஆந்தைக்கே நன்கொடை எளிதில் சேரும் என்பதும் எனக்குத் தெரியும்.