துப்பாக்கி பீரோவில், புடவைகள் பரணில்

கேள்வி: எனக்கு வயது 58. காவேரிப்பட்டணம் அருகே மாங்காய் மண்டி வைத்திருக்கிறேன். அப்பா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று முறையான உரிமத்துடன் என்னிடம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பழைய இங்கிலாந்துத் துப்பாக்கி ஒன்றையும் சட்டப்படி வாங்கினேன். இரண்டையும் என் மனைவி சீராகக் கொண்டுவந்த பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறேன்; அவளுடைய புடவைகளை மூட்டை கட்டிப் பரணில் ஏற்றிவிட்டோம். டெக்சாஸில் இருக்கும் மைத்துனர் மகன், அங்கே பழைய துப்பாக்கிகளை நிலம் வாங்கிப் போடுவதுபோல வாங்கிப் போடுகிறார்கள், விலை இறங்குவதே இல்லை என்கிறான். ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பை விற்று, மனைவி பெயரிலும் மகன் பெயரிலும் உரிமம் எடுத்து, இன்னும் நான்கு துப்பாக்கிகள் சேர்க்க நினைக்கிறேன். ஓசூரில் வேலை பார்க்கும் மகன் பிடிகொடுக்காமல் பேசுகிறான். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. இது நல்ல முதலீடுதானா?

பதில்: நிலத்தை விற்று வேறொன்றில் போடலாமா என்று கேட்டு வரும் கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல. ஈமுக் கோழி, தேக்கங்கன்று, ஏலச்சீட்டு என்று பொருள்தான் மாறும். ‘மனைவி ஒன்றும் சொல்லவில்லை’ என்ற வரி மாறுவதில்லை. உங்கள் மனைவி என்ன நினைக்கிறார் என்பது அந்த வரியில் இல்லை. போகிற போக்கில் நீங்கள் எழுதிய இன்னொரு வரியில் இருக்கிறது. புடவைகளைப் பரணில் ‘ஏற்றிவிட்டோம்’ என்கிறீர்கள். அந்த ‘ஓம்’ யார் யார், ஐயா? பீரோவைக் காலி செய்யச் சொன்னது நீங்கள். ஒவ்வொன்றாக எடுத்து மடித்துச் சாக்கில் அடுக்கியது அவராகத்தான் இருக்கும். பிறந்த வீட்டிலிருந்து வண்டியில் ஏறி வந்த பொருள்களில் இன்றைக்கு அவருடையது என்று சொல்லிக்கொள்ள அந்த வீட்டில் எத்தனை மிச்சம் இருக்கின்றன? அவற்றில் ஒன்றைத்தானே காலி செய்தீர்கள்?

அடுத்த கேள்வி, அந்த பீரோவின் சாவி யாரிடம் இருக்கிறது என்பது. துப்பாக்கியைப் பூட்டிப் பாதுகாப்பது உரிமம் பெற்றவரின் பொறுப்பு. உரிமம் இல்லாத ஒருவர், அவர் மனைவியே ஆனாலும், நினைத்தபோது திறந்து எடுக்கும்படி அதை வைத்திருக்கக் கூடாது. ஆகவே சாவி அவருடைய முந்தானையில் இன்னும் முடிந்திருக்குமானால் நீங்கள் சட்டத்தின் முன் தவறு செய்கிறீர்கள். அது உங்கள் இடுப்புக்கு வந்துவிட்டதென்றால், தன் பீரோவைத் திறக்க ஒரு பெண் தன் கணவரிடம் கேட்டு நிற்க வேண்டிய நிலையை உண்டாக்கியிருக்கிறீர்கள். இரண்டில் எது நடந்திருந்தாலும் அதைப் பத்திரமாக வைத்திருப்பதாக எழுத உங்களுக்குக் கை வந்திருக்கக் கூடாது.

இனி உங்கள் மைத்துனர் மகன் சொன்ன கணக்குக்கு வருவோம். பிள்ளை பொய் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1986 மே மாதச் சட்டம், அதற்குப் பின் செய்யப்பட்ட இயந்திரத் துப்பாக்கிகளைப் பொதுமக்கள் வைத்திருக்கத் தடை விதித்தது. அதற்கு முன் பதிவானவை மட்டுமே கைமாறிக்கொண்டிருப்பதால் அவற்றின் விலை ஏறியது. பில்லி த கிட் என்ற கொள்ளையனைச் சுட்டுக் கொன்ற, கோல்ட் (Colt) நிறுவனத்தின் ரிவால்வர் 2021-இல் 60 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. நம் நாட்டிலும் 1980களின் நடுவிலிருந்து தனியார் இறக்குமதி இறுக்கப்பட்டதால், பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிகளுக்குக் கிராக்கி உண்டு. நீங்கள் வாங்கியது அந்தக் கிராக்கியில்தான். ஆனால் கிராக்கி இருப்பது வேறு, தேவைப்படும் நாளில் அது காசாவது வேறு. டெக்சாஸில் உள்ளவன் தன் ஊர்ச் சந்தையைச் சொல்கிறான். நீங்கள் விற்க வேண்டியது கிருஷ்ணகிரியில்.

இங்கே ஒருவர் எத்தனை துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. முன்பு மூன்று, 2019 டிசம்பரில் வந்த திருத்தம் அதை இரண்டாக்கியது. மூன்று வைத்திருந்தவர்கள், வாங்கிய விலை என்னவாக இருந்தாலும், ஓராண்டுக்குள் ஒன்றைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டியதாயிற்று. ஒரு சட்டத் திருத்தத்தால் மூன்றில் ஒரு பங்கை வீட்டைவிட்டு வெளியேற்ற முடிகிற பொருளை முதலீடு என்று நான் சொல்ல மாட்டேன். விற்பதென்றாலும், மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகே கைமாற்ற முடியும். வாங்குகிறவருக்கும் உரிமம் இருக்க வேண்டும், அவர் கணக்கிலும் இடம் காலியாக இருக்க வேண்டும். நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால், மறுநாள் காலை அடகுக்கடையில் பத்து நிமிடத்தில் ஒரு வளையல் பணமாகும். துப்பாக்கி ஒன்றரை மாதம் காத்திருக்கச் சொல்லும். அதை அடகு பிடிக்க ஆளும் இல்லை.

மனைவி பெயரிலும் மகன் பெயரிலும் உரிமம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையில் கோபம் வந்தது. உரிமம் கேட்கிறவர் தக்க காரணம் காட்ட வேண்டும். வாங்கி வைத்து விலை ஏறியதும் விற்பேன் என்பது காரணம் ஆகாது. எனவே பாதுகாப்புக்கு வேண்டும் என்று உங்கள் மனைவியின் கையெழுத்தில் ஒரு பொய் எழுதப்பட வேண்டும். விசாரணைக்கு வருகிற காவலர், ‘அம்மா, உங்களுக்கு யாரால் ஆபத்து?’ என்று கேட்பார். அப்போது அவர் யார் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? மகன் பிடிகொடுக்காமல் பேசுவது உங்களுக்குக் குறையாகப் படுகிறது. எனக்கோ, அந்த வீட்டில் சட்டத்துக்கும் அப்பாவுக்கும் ஒருங்கே மரியாதை தருகிற ஒரே ஆள் அவர்தான் என்று தோன்றுகிறது. அஞ்செட்டி, பென்னாகரம் பக்கத்து மலையூர்களில் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கும்படி காவல் துறை அவ்வப்போது கேட்டுக்கொண்டிருக்கும் வட்டாரம் இது. 2004-இல் பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் கதை முடிந்ததை நேரில் பேசக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இங்கே ஒரு வீட்டில் ஆறு துப்பாக்கி என்ற பேச்சு பரவினால், பெண் கொடுக்க வருகிறவர்கள் அதை முதலீடாக எண்ண மாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. என் தாத்தாவிடம் காட்டுப்பன்றிக்காக உரிமத்தோடு வைத்திருந்த கெட்டித் துப்பாக்கி, அதாவது குழல் வாயில் மருந்தைத் திணித்துச் சுடுவது, ஒன்று இருந்தது. அவர் போன பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, அதை ஒரு பழைய நூல் புடவையில் சுற்றி, மடியில் குழந்தையைப் போலப் படுக்க வைத்துக்கொண்டு, பாட்டி பேருந்தில் காவல் நிலையம் போனார். உரிம எண் கேட்டார்கள், அவருக்குத் தெரியவில்லை. தோட்டா மருந்து எங்கே என்றார்கள், அதுவும் தெரியவில்லை. நாற்பது ஆண்டுகள் அந்தத் துப்பாக்கி மாட்டியிருந்த சுவரைப் பெருக்கித் துடைத்தவர், ஒன்றும் தெரியாதவராக மாலை வரை அந்த வாசலில் உட்கார்ந்திருந்தார். உரிமதாரர் இறந்ததும் அவர் துப்பாக்கி வாரிசின் கையில் உரிமமில்லாத ஆயுதமாகிறது. தாமதமின்றி ஒப்படைத்துவிட்டு, வேண்டுமானால் அவர் தம் பெயருக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு 58 வயதாகிறது. உங்கள் மனைவியின் கையில் இப்போது சாவிகூட இருக்குமா என்பது சந்தேகம்.

மாந்தோப்பை விற்காதீர்கள். கூழ் ஆலைகள் தோத்தாபுரிக்கு விலை குறைக்கும் ஆண்டுகளில் மண்டிக்காரர் படும் எரிச்சல் எனக்குத் தெரியும்; ஆனால் மரம் 45 நாள் முன்னறிவிப்புக் கேட்பதில்லை, உங்களுக்குப் பின்னும் உங்கள் மனைவிக்குக் காய்க்கும். இங்கிலாந்துத் துப்பாக்கியை விற்பதற்கான கடிதத்தை இந்த வாரமே எழுதிக் கொடுங்கள். அப்பாவின் துப்பாக்கியை அப்பாவுக்காக வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. அதற்குத் தனியாக ஓர் இரும்புப் பெட்டி வாங்குங்கள், உரிமத்தின் நகலை மகனிடம் கொடுத்து, உங்களுக்கு ஏதாவது ஆனால் எங்கே போய் என்ன எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்லிவையுங்கள். அந்தப் பெட்டி வருகிற அன்றைக்கே பீரோவைக் காலி செய்து, துப்பாக்கி எண்ணெய்க் கறை பட்ட தட்டுகளை நீங்களே துடைத்து, சாவியை உரியவரிடம் கொடுங்கள். பரணிலிருக்கும் மூட்டையை இறக்கும்போது அவரை ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். மகன் ஓசூரிலிருந்து வரும் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருங்கள்.