அறுபது நாள் கணக்கு

கேள்வி: உள்நாட்டுப் போர் முடிந்து ஒப்பந்தமும் போட்டாயிற்று, அப்புறமும் அதை நிறைவேற்ற ஏன் இத்தனை வருஷம் இழுக்கிறார்கள்? கையெழுத்துப் போட்டவர்களின் எண்ணம் சுத்தமில்லை என்றுதானே அர்த்தம்?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: எண்ணத்தை விடுங்கள், எந்த ஷரத்து நடந்தது, எது தூங்குகிறது என்று பாருங்கள். நேபாளத்தையே எடுத்துக்கொள்வோம். 2006 நவம்பரில் அரசும் மாவோயிஸ்டுகளும் கையெழுத்துப் போட்டார்கள், பத்து வருஷச் சண்டை நின்றது, மறுபடி மூளவில்லை. சின்ன விஷயம் இல்லை. மாவோயிஸ்டுகளின் துப்பாக்கிகளைக் கன்டெய்னரில் வைத்துப் பூட்டி ஐ.நா. காவல் பார்த்தது, சாவி மட்டும் மாவோயிஸ்டுகளிடமே! சிரிக்கலாம், ஆனால் ஒருவரை ஒருவர் நம்பாத இரண்டு பேர் வேறு எப்படி ஆரம்பிப்பார்கள்? ராணுவமும் அதே அளவு ஆயுதத்தைப் பூட்டி வைத்தது.

ஐ.நா. சரிபார்த்து ஏற்ற போராளிகள் 19,602 பேர். இவர்களை ராணுவத்தில் சேர்ப்பதா என்ற இழுபறியிலேயே ஐந்து வருஷம் முகாமில் கழிந்தது, கடைசியில் சேர்ந்தவர்கள் சுமார் 1,400 பேர், பெரும்பாலானவர்கள் சில லட்சம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். அதுகூடக் கிடைக்காமல் சரிபார்ப்பிலேயே கழித்துவிடப்பட்டவர்கள் வேறு 4,008 பேர், பாதிக்கு மேல் சிறுவயதில் சேர்க்கப்பட்டவர்கள். நேபாளியில் அவர்களை 'அயோக்ய' என்றார்கள். அங்கே அதற்குத் தகுதியில்லாதவர் என்று பொருள், நம் காதில் எப்படி விழுகிறது பாருங்கள்.

சரி, தூங்கும் ஷரத்துக்கு வருவோம். காணாமல் போனவர்கள், கொல்லப்பட்டவர்கள் பெயர் விவரத்தை 60 நாளில் வெளியிடுவோம் என்று இரண்டு தரப்பும் எழுதிக்கொடுத்தன. விசாரணைக் கமிஷன்கள் அமைந்ததே 2015இல்தான். வந்து குவிந்த புகார்கள் 60,000க்கு மேல். அந்த விசாரணைக்கான சட்டத்தைத் திருத்தவே 2024 ஆகிவிட்டது. காரணம் பெரிய ரகசியமில்லை. ஆட்களைத் தூக்கிப்போனதில் ராணுவமும் உண்டு, மாவோயிஸ்டுகளும் உண்டு. ஆயுத ஷரத்து ஒவ்வொரு தரப்புக்கும் மற்றவரிடம் பயம் இருந்ததால் நடந்தது. இந்த ஷரத்தில் இருவருக்கும் ஒரே பயம், அதனால் நகரவில்லை. மாவோயிஸ்டுகளின் தலைவர் பிரசண்டா மூன்று முறை பிரதமரானார், அன்று அவரை வேட்டையாடிய கட்சிகளோடு கூட்டணி வைத்தும் ஆண்டார். யார் யாரைக் கேட்பது?

கேட்பவர்கள் காணாமல் போனவர்களின் மனைவிகள்தான். புருஷன் செத்தான் என்று காகிதம் இல்லாமல் அவன் பேரில் உள்ள நிலத்தை மாற்ற முடியாமல் அலைந்தார்கள். வகிட்டில் குங்குமம் வைத்தால் ஊர் ஒன்று பேசியது, அழித்தால் வேறொன்று பேசியது.